வெயில் முதுகில், தண்ணீர் முன்னால்: கண்மாய்க் கரையில் ஒரு காலை நடை

கண்மாய்க்குப் பறவை பார்க்கப் போகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது தண்ணீரை. இந்த வருஷம் கலுங்கு (கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழியும் கல் தளம்) பாய்ந்ததா, பாதிப் பெருக்கா, இல்லை மடைக் குழியில் மட்டும் கொஞ்சம் கிடக்கிறதா? இது தெரிந்தால் எந்தப் பறவை இருக்கும், கரையில் எங்கே நிற்கலாம் என்பதில் பாதி விளங்கிவிடும். ஊர் டீக்கடையில் "அண்ணே, கண்மாய் எவ்வளவு கெடக்கு?" என்று கேளுங்கள். "கலுங்கு போயி பதினஞ்சு நாளாச்சு", "ரெண்டாவது மடை வரைக்கும்தான் தண்ணி" என்று பதில் வரும். எந்தச் செயலியும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

செட்டிநாட்டில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிற வடகிழக்குப் பருவமழையைப் பிடித்து வைத்துத்தான் விவசாயமும் பறவையும் ஓடுகின்றன. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் கரையைப் பலப்படுத்தி, தண்ணீர் கொண்டு வரும் வரத்துக்காலைத் துப்புரவாக்கி, சீமைக் கருவேலை அகற்றியதால் மறுபடி தண்ணீர் நிற்கத் தொடங்கிய கண்மாய்கள் உண்டு. அப்படி மராமத்து பார்த்த கண்மாயின் கரையில் நடப்பதற்கான குறிப்புகள் இவை. ஏற்ற இறக்கம் இல்லாத, ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. வயதானவர்களும் ஆறேழு வயதுப் பிள்ளைகளும் தாராளமாக வரலாம்.

டிசம்பர் கடைசியில் தண்ணீர் நிறைந்து கிடக்கும்போது கூடு கட்டும் நாரைகளும் கொக்குகளும் கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் வடக்கேயிருந்து வந்த நீலச்சிறகி, ஊசிவால் வாத்து மாதிரியான வாத்துகள் நடுத் தண்ணீரில் தங்கும். பிப்ரவரியில் தண்ணீர் வற்றி ஓரத்துச் சேறு வெளியே தெரிந்ததும் உள்ளான்களின் காலம் தொடங்கும். ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் எங்கள் ஓட்டு பிப்ரவரி முதல் பாதிக்கு. கூட்டில் குஞ்சு, தண்ணீரில் வாத்து, ஓரத்தில் உள்ளான் என்று மூன்றும் ஒருசேர அப்போதுதான் அமையும். மழை பொய்த்த வருஷத்தில் கூடே இருக்காது. அந்த வருஷம் வீட்டுத் தோட்டத்துப் பறவைகளைப் பார்ப்பது உத்தமம்.

காலையில் போகச் சொல்வதற்குப் பறவைகள் அப்போது சுறுசுறுப்பாக இருக்கும் என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். இந்தப் பக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. சிவகங்கைச் சீமையின் நிலம் பெரும்பாலும் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிந்து கடலை நோக்கிப் போகிறது. கண்மாய்க்கரையைத் தாழ்ந்த பக்கத்தில்தான் போட முடியும் என்பதால் அநேகக் கரைகள் கிழக்கிலும் தெற்கிலும் வளைந்து கிடக்கின்றன, தண்ணீர் அவற்றுக்கு மேற்கே நிற்கிறது. காலையில் கரைமேல் நின்றால் வெயில் முதுகில் விழும், தண்ணீரில் இருக்கிற பறவையின் நிறம் அப்படியே தெரியும். சாயங்காலம் அதே இடத்தில் நின்றால் கண்ணில் வெயில் அடிக்கும், எல்லாப் பறவையும் கறுப்பாகத் தெரியும். "ஒண்ணுமே சரியாத் தெரியலை" என்று திரும்பி வருகிறவர்களில் பாதிப் பேர் சாயங்காலம் போனவர்கள். ஜனவரியில் சூரியன் 6:30 மணிக்கு மேல்தான் எழும். 6:15க்குக் கரையில் இருந்தால் போதும், 8:30க்குள் நடை முடிந்துவிட வேண்டும். அதற்குமேல் தண்ணீர்மேல் கானல் அசையும், தூரத்துப் பறவை நெளிந்து தெரியும்.

எடுத்துப் போக வேண்டியவை கொஞ்சம்தான். மூடிய காலணி கட்டாயம். கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு நேரே காலுக்கு வந்துவிடும். இருநோக்கி வாங்குவதாக இருந்தால் 8 மடங்கு பெரிதாகக் காட்டும் 8×42 வாங்குங்கள். 10 மடங்கு பெரிதாகக் காட்டுவது கையில் ஆடும், பழகாதவர்களுக்குத் தலைசுற்றும். மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் இருநோக்கியின் ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் காட்சியைச் சுற்றி கறுப்பு வட்டம் விழும். மங்கலாகத் தெரிகிறது என்கிறவர்கள் முதலில் வலக்கண்ணை மூடி, இடக்கண்ணால் நடுச்சக்கரத்தைத் திருப்பித் தூரத்துப் பனைமரத்தைக் கூர்மையாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்க வளையத்தை மட்டும் திருப்பி அதே மரத்தைக் கூர்மையாக்குங்கள். ஒரு தடவை இப்படிச் சரிசெய்தால் அப்புறம் நடுச்சக்கரம் மட்டும் போதும். வெள்ளைச் சட்டை, சிவப்புத் துண்டு வேண்டாம், மண்நிறமோ பச்சையோ போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பாம்புக்காகக் கையில் ஒரு கம்பு. அடிப்பதற்கு அல்ல, தட்டிக்கொண்டே நடப்பதற்கு. கரை வெடிப்புகளில் கண்ணாடி விரியன் கிடக்கும், காலை வெயிலுக்கு வெளியே வரும். கரையின் உள்சரிவில் புல் உயரமாக இருந்தால் இறங்கவே வேண்டாம்.

நடையைக் கலுங்குப் பக்கமிருந்து தொடங்குங்கள். கலுங்கு கரையின் ஓர் ஓரத்தில் இருக்கும். கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் அந்தக் கல் தளத்தைத் தாண்டி அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். தண்ணீர் வழிகிற நாட்களில் கலுங்கின் கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வரும் சிறு மீனுக்காகச் சின்னக் கொக்குகள் வரிசையாக நிற்கும். கறுப்பு அலகு, கறுப்புக் கால், ஆனால் பாதம் மட்டும் மஞ்சள். சேற்றில் அந்த மஞ்சள் பாதத்தை ஆட்டி மீனைக் கிளப்பும். பெரிய கொக்குக்குப் பாதமும் கறுப்பு. வயலில் மாட்டோடு நிற்கும் உண்ணிக் கொக்குக்கு அலகு மஞ்சள். வெள்ளைக் கொக்கு எல்லாம் ஒன்றல்ல என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டக் கலுங்கைவிட நல்ல இடம் இல்லை.

கரைமேல் ஏறியதும் உடனே நடக்க வேண்டாம். பத்து நிமிஷம் ஒரே இடத்தில் நின்று தண்ணீரின் ஆழத்தைப் படியுங்கள். இந்த ஒன்றைப் பழகிவிட்டால் வேறு எந்தக் கண்மாய்க்குப் போனாலும் தடுமாற மாட்டீர்கள்.

தண்ணீர்ப் பறவை ஒவ்வொன்றுக்கும் காலின் நீளமும் அலகின் நீளமும் ஒரு அளவுகோல். விரற்கடை ஆழம்கூட இல்லாத ஈரச் சேற்றில் கொசு உள்ளான் ஓடும், குருவி அளவுதான் இருக்கும். அதற்கு அடுத்து, நான்கைந்து சென்டிமீட்டர் தண்ணீரில் பொறி உள்ளான் பின்புறத்தை ஆட்டிக்கொண்டு நிற்கும். ஒரு சாண் ஆழத்துக்குச் சற்றுக் குறைவான இடத்தில் பவளக்கால் உள்ளான். அதன் சிவந்த கால் தண்ணீருக்கு மேலே எவ்வளவு தெரிகிறது என்று பார்த்தே ஆழத்தை மதிப்பிட்டுவிடலாம். ஒரு அடி வரை உள்ள தண்ணீரில் கரண்டிவாயன் அலகைத் தண்ணீருக்குள் வைத்து இடமும் வலமும் வீசிக்கொண்டே நடக்கும். புள்ளிமூக்கு வாத்தும் நீலச்சிறகியும் தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலைத் தூக்கிக் கவிழ்கின்றனவா? அங்கே அவற்றின் கழுத்து எட்டும் ஆழத்தில் தரை இருக்கிறது. நாமக்கோழி ஒரு துள்ளு துள்ளி முழுசாக மூழ்கினால் இன்னும் ஆழம். முக்குளிப்பானும் பாம்புத்தாராவும் நீர்க்காகமும் நடுக்கண்மாய், ஆளாழத் தண்ணீர்.

ஆக, கண்மாயைப் பார்க்கும்போது ஓரத்திலிருந்து நடுவுக்குப் பட்டை பட்டையாகப் பிரித்துப் பாருங்கள். முதல் பட்டையில் உள்ளான், அடுத்ததில் நாரையும் கொக்கும், அதற்கடுத்து கவிழும் வாத்து, கடைசியில் மூழ்குகிறவை. புத்தகத்தைப் புரட்டுகிறவர் இருநூறு படங்களில் தேடுவார். ஆழத்தைப் படித்தவருக்கு அது பத்துப் படமாகச் சுருங்கிவிடும். (நாரையின் கால் பின்பக்கமாக மடங்குவதைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்பார்கள். நாம் முழங்கால் என்று நினைப்பது அதன் கணுக்கால். உண்மையான முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது.)

ஆழத்தை வைத்தே மராமத்து நன்றாக நடந்ததா என்றும் சொல்லிவிடலாம். நல்ல கண்மாய் தாம்பாளம் மாதிரி. வரத்துக்கால் பக்கம் ஆழமில்லாமல் தொடங்கி, கரையை நோக்கி மெல்ல இறங்கும். தண்ணீர் ஒரு அடி குறைந்தால் அகலமாக ஈரத்தரை வெளிப்படும், அதில் உள்ளான் மேயும். ஜேசிபியை விட்டுச் செங்குத்தாகத் தோண்டிய கண்மாய் தொட்டி மாதிரி. ஒரு அடி குறைந்தால் ஒரு அடிச் சுவர் தெரியும், அவ்வளவுதான். அங்கே நீர்க்காகம் மட்டும் இருக்கும். 'ஆழப்படுத்தினோம்' என்று பெருமையாகச் சொல்லும் பல இடங்களில் வண்டலோடு சேர்த்து அடியிலிருந்த களிமண்ணையும் கிழித்து அள்ளிவிடுகிறார்கள். களிமண் போனால் தண்ணீர் நிற்காமல் கீழே இறங்கிவிடும். கரையடியில் மண் எடுத்தால் கரையே உட்காரும். வண்டலை மட்டும், கரையிலிருந்து தள்ளி, கோடையில் எடுத்து வயலுக்கு அடிப்பதுதான் ஊரே சேர்ந்து செய்த பழைய குடிமராமத்து. வயலுக்கும் எரு, கண்மாய்க்கும் கொள்ளளவு.

நம் ஊர் ஊருணிகளையும் இந்தக் கண்ணால் பாருங்கள். செம்புராங்கல் அடுக்கி நான்கு பக்கமும் படி கட்டிய அழகான ஊருணியில் பறவை ஏன் அவ்வளவு இல்லை? குடிதண்ணீருக்காக ஆழமாக, சுத்தமாக வைத்திருந்த இடம் அது. சரிவான ஓரமே கிடையாது. மீன்கொத்தியும் இரண்டு நீர்க்காகமும் இருந்தால் அதுவே அதற்கு நியாயமான கணக்கு. குறையில்லை, அதன் வேலை வேறு.

நடக்கத் தொடங்கியதும் மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். கரையின் உச்சியில் நடந்தால் வானத்தை ஒட்டி உங்கள் உருவம் தெரியும், வாத்துகள் உடனே நடுத் தண்ணீருக்கு நகர்ந்துவிடும். வெளிச்சரிவில் மாட்டு வண்டித் தடம் இருந்தால் அதில் நடந்து, நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் மேலே ஏறித் தலையைக் காட்டுங்கள். எட்டுப் பேருக்கு மேல் கூட்டம் வேண்டாம். பேச்சைவிடக் கை நீட்டுவதுதான் பறவையை அதிகம் கிளப்பும், சட்டென்று கையைத் தூக்காதீர்கள். "அந்த மரத்துக்கு வலப்பக்கம், கடிகாரத்தில் ரெண்டு மணி" என்று வாயால் சொல்லப் பழகுங்கள். எல்லாப் பறவையும் ஒரே நேரத்தில் எழும்பினால் உங்களால் என்று நினைத்து வருந்தாமல் மேலே பாருங்கள், பெரும்பாலும் ஒரு சேற்றுப் பூனைப்பருந்து தாழ்வாக வந்துகொண்டிருக்கும். அடுத்த ஐந்து நிமிஷத்தில் எல்லாம் திரும்ப இறங்கும், அப்போது எண்ணுவது எளிது.

ஒவ்வொரு மடையிலும் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். பழைய கண்மாய்களில் கரையிலிருந்து சற்று உள்ளே, தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும், அவற்றைக் குறுக்குக் கற்கள் இணைத்திருக்கும். அதுதான் குமிழித்தூம்பு. தூணின் நடுவே இறங்கும் அடைப்பை மேலே தூக்கினால் அடியில் உள்ள தொட்டியின் துளை திறந்து, தண்ணீர் கரைக்கு அடியில் உள்ள சுரங்கக்கால் வழியாக வயலுக்குப் போகும். பறவைக்கு அந்தக் குறுக்குக் கல் ஒரு திண்ணை. கறுப்பு வெள்ளை மீன்கொத்தி அங்கே உட்கார்ந்து, பிறகு பத்திருபதடி உயரத்தில் சிறகடித்தபடி அந்தரத்தில் நின்று, தலைகீழாகத் தண்ணீருக்குள் விழும். மற்ற மீன்கொத்திகள் இப்படி நிற்பது அபூர்வம். மடை ஓரப் புல்லில் அசையாமல் கூனிக்கொண்டு நிற்கும் மண்நிறப் பறவை மடையான். அது பக்கத்தில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மிதிக்கும் தூரத்துக்குப் போனதும் பறக்கும், பறந்தவுடன் வெள்ளைச் சிறகு விரிந்து திடுக்கிட வைக்கும்.

மடைக்குப் பக்கத்தில் கரையடியில் கிடக்கும் நத்தை ஓடுகளைக் குனிந்து பாருங்கள். நத்தைக்குத்தி நாரை சாப்பிட்ட ஓடு பெரும்பாலும் உடையாமல், உள்ளே காலியாக இருக்கும். அந்த நாரையின் அலகு மூடினாலும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விடும். அந்த இடைவெளியில் வைத்து நத்தையை நசுக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கீழலகின் நுனியை ஓட்டின் வாய்க்குள் விட்டு, சதை ஓட்டோடு ஒட்டியிருக்கும் இடத்தை அறுத்து, முழு நத்தையையும் உருவிவிடும். தண்ணீருக்குள் தலையை வைத்துக்கொண்டே இதைச் செய்வதால் இருநோக்கியில் பார்த்தாலும் அலகு நடுங்குவது மட்டும்தான் தெரியும். சில வினாடி கழித்துத் தலை வெளியே வரும், தொண்டையில் ஒரு உருண்டை இறங்கும். குஞ்சுக்கு இந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். அதனால் அலகு நேராக மூடியிருக்கும் நாரையைப் பார்த்தால் அது இளசு.

கண்மாய்க்குள் நிற்கும் மரங்கள்தான் கூடுகளின் இடம். எந்த மரம் என்று பிரித்துப் பாருங்கள். நாட்டுக் கருவேலின் காய் மணி கோத்த மாலை மாதிரி இடையிடையே இறுகியிருக்கும், பூ மஞ்சள் உருண்டை. சீமைக் கருவேலின் நெற்று இறுக்கமில்லாமல் ஒரே சீராக இருக்கும், பூ கதிர் மாதிரி நீளும். சீமைக் கருவேலை வெட்டினால் அடித்தூரிலிருந்து நான்கு கிளையாக மறுபடி வரும், வேரோடு பறிக்க வேண்டும். ஆனால் அதிலும் கொக்கும் வக்காவும் கூடு கட்டுகின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை அதில் கை வைக்காமல், கோடையில், கூடு காலியானபின் எடுப்பதே முறை. எடுத்த இடத்தில் மண்திட்டுப் போட்டு நாட்டுக் கருவேல் வைக்க வேண்டும். திட்டில்லாமல் தரைமட்டத்தில் வைத்த கன்று முதல் பெருக்கிலேயே மூழ்கி அழுகும். மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் நாயும் கீரியும் கூட்டுக்கு வராது. கூடு கட்டிய பறவைகள் தண்ணீர் வற்றியபின் பாதியில் விட்டுவிட்டுப் போவதும் இதனால்தான்.

கூட்டுக்கு எவ்வளவு அருகில் போகலாம்? மீட்டர்க் கணக்கைவிடப் பறவை சொல்வதைக் கேளுங்கள். உட்கார்ந்திருக்கும் நாரை எழுந்து நின்று கழுத்தை நீட்டினால் அதுதான் எல்லை, இரண்டடி பின்னால் வாருங்கள். அது பறந்தால் நீங்கள் ஏற்கெனவே தப்புச் செய்துவிட்டீர்கள். காகம் அந்த நொடிக்காகத்தான் மேல்கிளையில் காத்திருக்கும், முட்டை போய்விடும். வெயில் ஏறிய பிறகு தாய் சிறகை விரித்து நிழல் கொடுக்காவிட்டால் சின்னக் குஞ்சு தாங்காது. ட்ரோன் விடுவது, மரத்தடிக்குப் பரிசலில் போவது இரண்டும் வேண்டவே வேண்டாம்.

இந்தக் கட்டுப்பாட்டை நன்றாகப் பார்க்க வேண்டுமானால் காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் வழியாக மேலூர் சாலையில் போய் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தில் இறங்குங்கள். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள், மொத்தம் 38.4 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 95 ஏக்கர். 1977 ஜூனில் சரணாலயமாக அறிவித்தார்கள். கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கூட்டு மரங்களின் எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்குப் பாய்வதால் உரச்செலவு குறைகிறது என்பது கண்மாய் விவசாயிகள் நன்றாக அறிந்த கணக்கு. புண்ணியத்தோடு லாபமும் சேர்ந்த ஏற்பாடு என்பதால்தான் இத்தனை வருஷம் நிற்கிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

எண்ணுவதற்கு ஒரு வழி. நாமக்கோழிக் கூட்டத்தை ஒன்று இரண்டு என்று எண்ணத் தொடங்கினால் நூறுக்குள் குழம்பிவிடும். முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து இருநோக்கிக்குள் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வைத்து, அந்த இடத்தை அளவாக வைத்து நகர்த்திக்கொண்டே போங்கள். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு பட்டியல் எழுதி ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் போதும். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க இப்படிக் கணக்கெடுக்கிறார்கள், முதல் பட்டியலுக்கு அது நல்ல தருணம். பேர் தெரியாததைத் 'தெரியாத வாத்து, 12' என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய பெயர் அடுத்து வருகிறவரையும் குழப்பும்.

கரையின் மறுமுனையில் வரத்துக்கால் பக்கம் நடை முடியும். ஆழமில்லாத இந்த மூலைதான் வாத்தும் உள்ளானும் கூடுகிற இடம், அதனால் கடைசி அரை மணி நேரத்தை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை வெங்காயத் தாமரை மூடியிருந்தால் பெரும்பாலும் ஊர்ச் சாக்கடை எங்கோ வரத்துக்காலில் கலக்கிறது. நீலத் தாழைக்கோழியும் இலைக்கோழியும் அதன்மேல் நிறைய நடக்கும், பார்க்கவும் நன்றாயிருக்கும். ஆனால் வாத்து இறங்க வெட்டவெளித் தண்ணீர் இருக்காது. சரளைத் தரையில் நடக்கும்போது மார்ச்சுக்குப் பிறகு காலடியைப் பார்த்து வையுங்கள். ஆள்காட்டி அங்கே கூடே இல்லாமல் நான்கு முட்டை இடும், கூழாங்கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. தலைக்குமேல் ஒரு ஆள்காட்டி கத்திக்கொண்டே பாய்ந்து பாய்ந்து வந்தால் நில்லுங்கள், வந்த தடத்திலேயே பின்னால் நடந்து வெளியே வாருங்கள்.

சித்திரை, வைகாசியில் தண்ணீர் முட்டளவுக்கு வந்ததும் மீன்பிடித் திருவிழாவுக்குத் தண்டோரா போடுவார்கள். ஊத்தா, கச்சா என்ற மீன்பிடிக் கருவிகளோடு ஊர்சனம் இறங்கும். அதற்கு முந்தின வாரம்தான் மிச்சமிருக்கும் குட்டையில் மஞ்சள் மூக்கு நாரையும் கரண்டிவாயனும் கூட்டமாக நெருங்கி நிற்கும். தண்டோராத் தேதியை டீக்கடையில் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு இரண்டு நாள் முன்னால் காலையில் போய்விடுங்கள்.